மருமகள் ஏறாத கார்

1

எங்கள் சொந்தபந்தங்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் புதுக் கார் வாங்கி வாசலில் நிறுத்தியிருக்க, வெளிநாட்டிலிருந்து வந்த தங்கை அதில் ஏறமாட்டேன் என்று சொல்லி, மாசமாக இருக்கும் அண்ணியையும் இழுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்க் காளான் தின்றுவிட்டு வந்தாளாம். கீழே சிரிக்கும் பொம்மைகள். ஒரு சித்தப்பா மட்டும் கைகூப்பும் பொம்மை போட்டிருக்கிறார். அது எனக்கா, அண்ணனுக்கா என்று தெரியவில்லை.

நடந்தது எல்லாம் அந்தக் கதையில் இருக்கிறது. ஏன் நடந்தது என்பது மட்டும் இல்லை. ஸ்வீடனில், கோத்தன்பர்க் நகரத்தில், மகளைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே மழையும் இல்லாத பனியும் இல்லாத ஏதோ ஒன்று பெய்கிறது. இந்த ஊரில் எனக்குக் கார் கிடையாது. ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வில் தோற்றுவிட்டு, மறுபடி எழுதப் பயந்துகொண்டிருக்கிறேன். என் வாழ்க்கையே பஸ்ஸில்தான் போகிறது. அதனால் டவுன் பஸ்ஸில் போனாள் என்று சொன்னால் எனக்கு அவமானமாக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

மகள் ஆதிரா பிறப்பதற்கு முன், பெற்றோர் ஆகப்போகிறவர்களுக்கான வகுப்பில் ஒரு படம் போட்டார்கள். ஒரு கார். முன் சீட்டில் ஒரு பெரிய பொம்மை, அதன் மடியில் ஒரு சின்னப் பொம்மை. கார் சுவரில் மோதுகிறது. பெரிய பொம்மையின் கைகள் சின்னதைப் பிடித்தபடிதான் இருந்தன. மோதிய பிறகு அந்தக் கைகளுக்குள் ஒன்றும் இல்லை. பேசிய ஸ்வீடிஷ் மொழி எனக்குப் பாதிதான் புரிந்தது. படம் முழுதும் புரிந்தது.

இந்த நாட்டின் எத்தனையோ விதிகளோடு நான் மல்லுக்கு நின்றிருக்கிறேன். மகளின் பெயரைப் பதியப் போனபோது, எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான் என்று விளக்கிவிட்டு வந்தேன். இன்ஷியல் என்பதன் முழு வடிவத்தை எழுதி அனுப்பவும் என்று கடிதம் வந்தது. அனுப்பினேன். என் கணவரின் பெயரே அவளுடைய குடும்பப் பெயர் ஆயிற்று. இப்போது பாலர் பள்ளியில் இருந்து யார் கூப்பிட்டாலும் என்னையும் என் கணவரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதற்கெல்லாம் சண்டை போட்டேன். குழந்தைக்குக் காரில் தனி இருக்கை வேண்டும், குறிப்பிட்ட உயரம் வளரும்வரை அதில்தான் உட்கார வேண்டும் என்ற விதியோடு மட்டும் நான் ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

ஆதிராவுக்கு அது விதி என்றுகூடத் தெரியாது. பல் துலக்குவதுபோல அவளுக்கு அது ஒரு பழக்கம். தோழியின் காரில் ஏறினால் தன் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, 'கிளிக்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் கதவைச் சாத்த விடுவாள். பஸ்ஸுக்கு கிளிக் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். அவளிடம் இரண்டும் தெளிவாக இருக்கின்றன. குழப்பம் எல்லாம் பெரியவர்களுக்குத்தான்.

3

இந்த வருடம் அவளுக்குக் காது குத்த ஊருக்குப் போனோம். சென்னிமலைக்குப் பக்கத்தில் என் கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயில். எல்லோரும் ஒரு வேனில் போனோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். என் அண்ணன் செந்தில் புது வேட்டி கட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளை வாங்கிக்கொண்டார். அவள் அழுதாள். அவரும் அழுதார். எனக்குத் தெரிந்து அப்பா இறந்த பிறகு அவர் அழுதது அன்றுதான்.

ஸ்வீடனில் ஆசிரியரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அங்கே வளர்ந்தவளுக்கு மரியாதைச் சொற்கள் நாக்கில் ஏறவில்லை. அழுகை நின்றதும், அத்தனை பங்காளிகளுக்கும் முன்னால், "செந்தில், தண்ணி குடு" என்றாள். ஒருத்தர் போனால் 'போறாருங்க' என்றும் நாய் வந்தால்கூட 'வருதுங்க' என்றும் சொல்கிற கூட்டம் அது. நான் குறுகிப் போனேன். இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ் சொல்லிக்கொடுத்தேனே, எதைச் சொல்லிக்கொடுத்தேன் என்று எனக்குள் ஒரே புலம்பல்.

அண்ணன்தான் சிரித்தார். "இந்தாங்க மருமகளே" என்று அவள் வாயில் தண்ணீர் ஊற்றினார். மரியாதை முழுவதையும் அவரே சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் அடுத்த வாரம் தெருவே பார்க்க அவமானப்படுத்திவிட்டேன் என்கிறார்கள்.

4

என் கணவர் விடுப்பு முடிந்து திரும்பிவிட்டார். நானும் ஆதிராவும் வடவள்ளியில் அம்மா வீட்டில் இருந்தோம். அண்ணன் வாழ்க்கையில் வாங்கிய முதல் கார் அந்த வாரம் வந்தது. முன்பே வந்திருக்கும். நாங்கள் வரட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தார். முதல் சவாரி மருமகளுக்கு என்பது அவர் கணக்கு. மருதமலையில் பூஜை போட்டு, மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். டவுன்ஹால் பக்கத்தில் ஒரு பழைய வீதியை மாலை நேரங்களில் வண்டி வராமல் அடைத்து, வளைவு வைத்து, பாரம்பரிய உணவு வீதி ஆக்கியிருக்கிறார்கள். அங்கே போய் இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகை சாப்பிட்டுவிட்டு வருவது என்று திட்டம். அம்மாவுக்கு முழங்கால் வலி. வாசலில் நின்று வழியனுப்ப வந்தார். பக்கத்து வீடுகளிலிருந்தும் நாலைந்து பேர்.

அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து தொடையைத் தட்டினார். "வா மருமகளே. மாமன் மடியில உக்காந்து ஸ்டியரிங் புடி. நீதான் மொதல்ல ஓட்டோணும்."

ஆதிரா கதவருகே போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். சீட்டுகள் எல்லாம் பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. பெல்ட்டும் அந்த உறைக்குள்தான் எங்கோ இருந்தது.

"கிளிக் எங்கே, செந்தில்?" என்றாள்.

நான் முன்னால் போனேன். "அண்ணா, அவளுக்குத் தனி சீட் வேணும்னு அங்கிருந்தே போன்ல சொன்னேனுங்களே."

"சீட்டா? அஞ்சு பேரு உக்கார்ற சீட்டு இருக்குது. இதுக்கு மேல என்ன சீட்டு அம்மணி?"

"செரி செரின்னீங்களே."

"நீ ஆயிரம் சொல்லுவ. எல்லாத்துக்கும் செரிங்கறதுதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "மெதுவா ஓட்டறேன். இந்த முக்கு வரைக்கும். வா கண்ணு."

"வேண்டாங்கண்ணா."

சிரிப்பு நின்றது. "காது குத்தறப்ப இந்த மடியிலதான உக்காந்தா? அன்னைக்கு நல்லா இருந்த மடி இன்னைக்கு ஆகாமப் போச்சா?"

அம்மா கிட்டே வந்து மெல்லிய குரலில், "ஏங்கண்ணு, இங்க இருக்கற டவுன்ஹாலுக்குத்தான? நல்ல நாளும் அதுவுமா வேண்டாங்கற. ஒருக்கா உக்கார வெச்சுப்போடு" என்றார். எதிர் வீட்டு அக்கா, எங்களைப் பார்க்காததுபோல எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் எனக்குள் என்னென்ன ஓடியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். முக்கு வரைக்கும்தானே. அவர் மனசு உடைந்துவிட்டதே. நான் பயந்தாங்கொள்ளியா, தாயா? கணவரைக் கேட்கலாமா? அவர் வேலையில் இருப்பாரே. ஒரு வார்த்தையில் எல்லாம் சரியாகிவிடும். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. கூடவே அந்தப் படமும் வந்தது, மோதிய பிறகு வெறுமையாக இருந்த அந்தப் பொம்மைக் கைகள்.

"மாட்டேனுங்கண்ணா" என்றேன்.

"கோயிலுக்கு வேன்ல வந்தயே, அப்ப எங்க போச்சு உன்ற சட்டம்?"

நல்ல கேள்வி. அந்த வேனிலும் வழி முழுக்க நான் அவளை இறுக்கிப் பிடித்தபடி, செய்வது சரியா என்று யோசித்துக்கொண்டேதான் வந்தேன். ஒன்றில் தடுமாறியவள் எல்லாவற்றிலும் தடுமாற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"அப்ப எப்படித்தான் போறதா உத்தேசம்? நடந்தா?"

"பஸ்ல."

"அடேங்கப்பா. பஸ்ஸுல பெல்ட்டு இருக்குதாக்கும்?"

"இல்லீங்க. ஆனா பஸ்ஸுல யாரும் அவள மடியில வெச்சுட்டு ஸ்டியரிங் புடிக்க மாட்டாங்க."

பக்கத்து வீடுகளில் யாரோ 'க்ளுக்'கென்று சிரித்தார்கள். அதுதான் அண்ணனைச் சுட்டிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஆதிராவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைப் பக்கம் நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"நானும் கவிதா கூட வாரேனுங்க" என்று பிரியா அண்ணி அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது மாசம் அவருக்கு. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் அவர் என் அண்ணன் பேச்சை மீறி நான் பார்த்ததில்லை. அம்மா, "அய்யோ, இந்த உடம்போட பஸ்ஸிலயா?" என்றார். அண்ணி நிற்கவில்லை.

5

மருதமலையிலிருந்து ரோஸ் கலர் பெயிண்ட் அடித்த டவுன் பஸ் வந்தது. பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் அண்ணியின் வயிற்றைக் கண்டாரா, நடையைக் கண்டாரா, "ஏனுங்க, அந்த அம்மணிக்குக் கொஞ்சம் எடம் உடுங்க" என்று குரல் கொடுத்தார். மல்லிகைப்பூக் கூடையோடு இருந்த ஒரு பெண் நகர்ந்து உட்கார்ந்தார். ஆதிரா தனக்கும் தனி டிக்கெட் வேண்டும் என்று கை நீட்டினாள். கொடுத்தார்கள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா எந்த ஊரு?" என்றார் பூக்காரப் பெண்.

"வடவள்ளி" என்றாள் ஆதிரா, யோசிக்காமல். நான் திருத்தவில்லை.

பஸ் அக்ரி யுனிவர்சிட்டி தாண்டும்போது அண்ணி என் பக்கம் குனிந்தார். "எங்க அக்கா பையன் வந்தா உங்கண்ணன் பைக் டேங்க்ல உக்கார வெச்சுட்டுத்தான் சுத்துவாரு. நான் கண்ண மூடிக்குவேன். சொன்னா, நீ எதுக்குத்தான் பயப்பட மாட்டே, சொல்லும்பாரு."

"உங்க பேச்சைக் கேக்கமாட்டாருங்களா?"

"நான் சொன்னா அது பயமுங்க. நீங்க சொன்னா திமிரு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "திமிருன்னா கோவம் வரும், ஆனா மறக்காது. கவிதா, இன்னைக்கு மட்டும் விட்டுக் குடுத்துடாதீங்க. நீங்க ஏறிட்டுப் போயிருவீங்க. அடுத்த வருசம் எம்புள்ளைய மடியில வெச்சுட்டு அந்த முன் சீட்டுல உக்காரப் போறது நானு."

அதுவரை நான் ஆதிராவுக்காக மட்டும்தான் பிடிவாதம் பிடிப்பதாக நினைத்திருந்தேன்.

பின்னால் விடாமல் ஹாரன் சத்தம். ஆதிரா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "செந்தில்! செந்தில்!" என்று கை ஆட்டினாள். மாலை போட்ட கார் ஒன்று பஸ்ஸை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. பஸ் நின்றால் அதுவும் நின்றது.

"யாருங்க அது? பஸ்ஸுக்குப் பின்னாலயே வாராரு?" என்றார் பூக்காரப் பெண்.

"எங்க ஊட்டுக்காரருங்க" என்றார் அண்ணி.

"கார வெச்சுட்டா பஸ்ஸுல வாரீங்க?"

"பின்னால வர்றதுக்குத்தானுங்க வாங்குனாரு."

6

உணவு வீதியின் வாயிலில் தடுப்பு வைத்திருந்தார்கள். நாங்கள் நடந்து உள்ளே போனோம். கார் வெளியே மாட்டிக்கொண்டது. அண்ணி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க இருக்கறீங்க?"

"சந்தகைக் கடையிலங்க."

"இங்க நிறுத்த எடமே இல்ல. ஒரு சுத்து சுத்திட்டு வாரேன்."

வாழையிலைத் துண்டில் வெள்ளைச் சந்தகை, மேலே தேங்காய்ப்பாலும் வெல்லமும். கோத்தன்பர்க்கில் அரிசிச் சோறே பிடிக்காது என்று என்னை நம்ப வைத்த ஆதிரா, இரண்டு கையையும் விட்டு அள்ளினாள். நான் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் பாட்டிலையும் கை துடைக்கும் திரவத்தையும் வைத்துக்கொண்டு காவலாள் போலப் பக்கத்தில் நின்றேன்.

"இப்ப எங்க?"

"ராகிப் பக்கோடா."

"உக்கடம் பக்கம் போகச் சொல்றாங்க. போலீஸ்காரர் வேற. நீ காரமா எதையும் தின்னு போடாத."

அண்ணி அதற்குள் காளான் வண்டியின் முன்னால் நின்றிருந்தார். பெரிய தோசைக்கல்லில் மசாலா கொதித்தது. மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவிக் கொடுத்தார்கள். நாலாவது மாசத்தில் ரோட்டோரக் காளான். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பேன்? பஸ்ஸில் அந்தக் குலுக்கல் வேறு. என் பிள்ளைக்கு ஒரு நியாயம், அவர் பிள்ளைக்கு ஒரு நியாயமா? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முதல் கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது முறை ஃபோன் வந்தபோது அண்ணனின் குரல் இறங்கியிருந்தது. "எனக்கு ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா?"

வேர்த்து விறுவிறுத்து வந்தார். காரை உக்கடத்துப் பக்கம் எங்கோ நிறுத்திவிட்டு அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணி நீட்டிய காளான் தட்டை வாங்கிக்கொண்டார். ஆதிரா தலையை நிமிர்த்தி, "செந்தில், சூடு. ஊது" என்றாள். ஊதினார்.

7

திரும்புகிற நேரம். அண்ணன் முதல்முறையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"மடியில வேண்டாம், விடு. பின்னால உன்ற பக்கத்துல உக்கார வெச்சுக்க. மெதுவாப் போறேன். இவளும் சோந்துட்டா பாரு."

கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இறங்கி வந்து பேசுகிறவரிடம் இல்லை என்று சொல்வதைப்போலக் கஷ்டம் வேறு கிடையாது. அவர் பாதி தூரம் வந்துவிட்டார். மீதிப் பாதியை நான் போக வேண்டாமா? இந்த ஊரில் எத்தனையோ குழந்தைகள் இப்படித்தானே போகிறார்கள்? நான் அண்ணியைப் பார்த்தேன். களைத்துத்தான் இருந்தார். ஆனால் அவர் பார்வை பஸ் நிறுத்தத்தின் மேல் இருந்தது.

"வேண்டாங்கண்ணா. நீங்க கார்ல வாங்க. நாங்க பஸ்ல வந்துர்றோம்."

பஸ் வந்தது. நாங்கள் முன்வாசலில் ஏறினோம். திரும்பிப் பார்த்தபோது அண்ணன் பின்வாசலில் ஏறிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு ஃப்ரீங்க" என்று அண்ணி கண்டக்டரிடம் கையைக் காட்டினார். "அவருகிட்ட மட்டும் காசு வாங்கிக்குங்க."

கூட்டம். அண்ணிக்கு முன்னால் இடம் கிடைத்தது. நடுவில் ஒருவர் எழுந்து இறங்க, அண்ணனுக்கும் ஒன்று கிடைத்தது. நானும் ஆதிராவும் கம்பியைப் பிடித்து நின்றோம். அவள் அவரைப் பார்த்துவிட்டாள்.

"செந்தில், மடி!" என்று கத்தினாள்.

பஸ் முழுவதும் சிரித்தது. "ஏனுங்க, அம்மணி உத்தரவு போடறா பாருங்க, தூக்கிக்குங்க" என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். கேட்டுப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தாய்மாமன் ஒருவர் தன் மருமகளைத் தூக்கத் தங்கையிடம் அனுமதி கேட்ட பார்வை அது. புறப்படும்போது அதே மடியை மறுத்தவள், தலையை ஆட்டினேன்.

லாலி ரோடு பக்கத்தில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தோம். அண்ணனின் இரண்டு கைகளும் அவள் வயிற்றின் குறுக்கே பூட்டிக்கொண்டன. ஆதிரா குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"கிளிக்" என்றாள்.

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார். "பஸ்ஸுல மடி ஆகும். கார்ல ஆகாது. அப்படித்தான?"

"அப்படித்தானுங்கண்ணா."

கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்த சீட்டு, பொறந்த புள்ளைக்கு வேற, வளந்த புள்ளைக்கு வேறயா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் முன்சீட்டிலிருந்து குரல் வந்தது. "ரெண்டும் வேற வேறதானுங்க. ரெண்டும் வாங்கோணும்."

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வடவள்ளி வரும்வரை அண்ணனின் கைகள் பிரியவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பும்வரை காரில் எந்த சீட்டும் வரவில்லை. ஆதிராவும் அதில் ஏறவில்லை. அடுத்த முறை போகும்போதும் அவள் அந்த உயரத்தை எட்டியிருக்கமாட்டாள். அப்போதும் நான் இதையேதான் சொல்வேன்.

குழுவில் கதை சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை, மாலை வாடிய புதுக் காரை எடுத்துவர, அதன் சொந்தக்காரர் டவுன் பஸ்ஸில்தான் போனார். அதையும் யாராவது போடுங்கள்.